தலை ஓரிடம், உடல் ஓரிடம்!

2005ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், செருமனி நாட்டு நூரன்பர்க்கு நகரில், ஊபர்ட்டு மாண்டெல் என்பார் ஒரு மென்பொருள் நிறுவனத்தினின்று விலகினார். ஆள் விலகுவது அத்தொழிலில் நாளும் நிகழ்வது, செய்தியாளர் பொருட்படுத்தாதது. ஆயினும் இவ்விலகலை மென்பொருளார் பலரும் உற்று நோக்கினர். ஏனெனில், விலகியவர் அங்குக் கூலிக்கு வந்தவரல்லர். பதின்மூன்றாண்டுகளுக்கு முன்னர்த் தோழர் மூவரோடு கூடி அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். தாம் தொடங்கிய நிறுவனமாக அஃது இப்பொழுது இல்லை என்பதே அவர் சொன்ன கரணியம்.

தம் கையால் கட்டிய வீட்டில் ஒருவர் தம்மை வேற்றாளாக உணர்ந்தார் எனின், அவ்வீட்டின் திறவுகோல் எவர் கையில் இருந்தது? எவ்வளவு தொலைவில் இருந்தது? அதற்கு முன் அவ்வீடு யாது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

நிறுவனத்தின் பெயர் சூசே. 1992இல் கணிதம் பயின்ற மாணவர் மூவரும், படிப்பு முடித்து மென்பொருள் பணி செய்துகொண்டிருந்த ஒருவருமாக நால்வர் தொடங்கியது. இலினக்சு என்னும் திறந்த மென்பொருள் அமைப்பு அப்பொழுதுதான் முளைவிட்டிருந்தது. அதனை நிறுவுதல் எளிதன்று. விளக்கங்களெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. இந்நால்வரும் செய்த முதற்பணி, அதனைச் செருமானியர் தம் தாய்மொழியிலேயே படித்து, நிறுவி, ஆளுமாறு ஆக்கித் தந்ததேயாகும். அமெரிக்கச் சிலாக்குவேர் தொகுப்பை அடியாகக் கொண்டு, 1994இல் தம் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டனர். பெட்டிக்குள் வட்டோடு தடித்த கையேடும் இருக்கும். அக்கையேட்டுக்காகவே பெட்டியை வாங்கியவர் உண்டு. ஆங்கிலம் அறிந்தாரே கணிப்பொறியைத் தொடலாம் என்னும் எழுதாச் சட்டத்துக்குச் செருமானியர் உடன்படவில்லை. (இதனில் தமிழர்க்கும் ஒரு செய்தி உண்டு, அதனை விரிக்க இஃது இடமன்று.)

இனி, வீட்டை வாங்கியவர் வரலாறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1979இல் தோன்றிய நோவெல் நிறுவனம், 1983இல் இரேய் நூர்டா தலைமையேற்ற பின்னர் வளர்ந்தது. ஓர் அலுவலகத்திலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஒரே கோப்பையும் ஒரே அச்சுப்பொறியையும் அனைவரும் ஆளச் செய்யும் நெட்டுவேர் என்னும் மென்பொருளே அதன் உயிர். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகின் அலுவலகக் கணிப்பொறி வலைகளுட் பெரும்பகுதி நெட்டுவேரால் இயங்கியது. நோவெல் தேர்வில் வென்ற வலைப்பொறியாளர் எனச் சான்று பெற்றிருந்தால் வேலை உறுதி என்னும் நிலை பல நாடுகளில் இருந்தது.

பின்னர் வந்தது சரிவு. மைக்ரோசாப்ட்டு நிறுவனம் 1993இல் விண்டோசு என்.டி. அமைப்பை வெளியிட்டது. வலைப்பணியைக் கணிப்பொறி அமைப்போடே சேர்த்துத் தந்துவிட்டால் அதற்கெனத் தனி மென்பொருளை எவர் வாங்குவர்? நோவெலோ, எழுத்து மென்பொருளில் புகழ்பெற்ற வேர்டுபெர்பெக்டு நிறுவனத்தை 1994இல் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, 1996இல் அதனில் ஒரு சிறு பகுதி விலைக்குக் கோரல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இணையம் பேசும் வலைமொழியை நெட்டுவேர் தன் இயல்பு மொழியாக ஏற்றதோ 1998இல்தான். உலகம் அதற்குள் நெடுந்தொலைவு போய்விட்டது.

தலைமையும் நிலையாக இல்லை. நூர்டாவுக்குப் பின் 1994இல் இராபர்ட்டு பிராங்கன்பர்க்கு. 1997இல் எரிக்கு சுமிட்டு (பின்னாளில் கூகுளின் தலைமை ஏற்றவர் இவரே). 2001இல் சாக்கு மெசுமன். கேம்பிரிட்சு தொழில்நுட்பக் கூட்டாளர் என்னும் அறிவுரை நிறுவனத்தை 2001இல் நோவெல் தன்னோடு இணைத்துக்கொண்டபொழுது, அந்நிறுவனத்தின் தலைவரான மெசுமனே நோவெலுக்கும் தலைவரானார். வாங்கப்பட்டவர் வாங்கியவர்க்குத் தலைவரான விந்தை அது! அதனை ஒட்டித் தலைமையகமும் யூட்டாவிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள மாசச்சூசெட்டசு மாநிலத்து வால்த்தம் நகருக்குப் பெயர்ந்தது. பொறியாளர் பெரும்பாலோர் இருந்த புரோவோ நகருக்கும் வால்த்தத்துக்கும் இடைத்தொலைவு 2000 கல். ஆக, செருமானியர்க்கு முன்னரே, யூட்டா மக்களே தம் நிறுவனத்தில் ஒரு 'வட்டாரம்' ஆகிவிட்டிருந்தனர்.

நெட்டுவேர் தளர்ந்த நிலையில், இலினக்சே இனி வழி என நோவெல் முடிவு செய்தது. 2003 ஆகத்துத் திங்களில் பாசுட்டனிலிருந்த சிமியன் நிறுவனத்தை வாங்கியது. அவ்வாண்டு நவம்பரில் 21 கோடி தாலருக்குச் சூசேயை வாங்குவதாக அறிவித்து, 2004 சனவரியில் வாங்கி முடித்தது. முடிவு தவறன்று, அந்நாளில் நோவெலுக்கு அதனினும் நல்ல வழி இருந்ததாகத் தெரியவில்லை. வழியைத் தேர்ந்தவர், வழிகாட்டிகளை எவ்வாறு நடத்தினர் என்பதே வினா.

சூசேயின் தலைவராக இருந்த இரிச்சர்டு சைபுட்டு, நோவெலின் ஐரோப்பா, நடுக்கிழக்கு, ஆப்பிரிக்க வட்டாரத் தலைவராக அமர்த்தப்பட்டார். கேட்பதற்கு நன்று. ஆயின் 2005 மே திங்களில் அவர் விலகினார். அவ்வாண்டு நவம்பரில், ஏறத்தாழ 600 பேரை, அஃதாவது பணியாளருள் பத்திலொருவரை, வேலையினின்று நீக்கப்போவதாக நோவெல் அறிவித்தது. அதே திங்களில் இன்னொரு செய்தியும் வெளிவந்தது: நிறுவனங்கட்கு விற்கும் இலினக்சுத் தொகுப்புகளில் இனிக் குனோம் என்னும் முகப்புத் திரையே முதலிடம் பெறும் என்பது.

புறத்தார்க்கு இஃது அற்பமாகத் தோன்றலாம். திரையில் தெரியும் பலகணிகளும் பட்டியல்களும் எவர் செய்தனவாயின் என்ன? ஆயின் சூசேயின் தொகுப்புகள் நெடுங்காலமாகக் கே.டி.இ. என்னும் முகப்புத் திரையோடு பிணைந்தவை. அது, 1996இல் செருமனியின் தூபிங்கன் நகரில் மாணவராக இருந்த மத்தியாசு எட்ரிக்கு தொடங்கியது. நூரன்பர்க்கில் அமர்ந்து அதனை வளர்த்தவர் பலர். குனோமோ சிமியன் நிறுவனத்தாரின் கைப்பிள்ளை. சிமியன் இருந்த இடம் பாசுட்டன். வால்த்தம் பாசுட்டனுக்கு அருகூர். எனவே இருவர் மக்களுள் எவர் மகவு வீட்டில் தங்கும் என்னும் வழக்கில், தீர்ப்பாளர் வீட்டுக்கு அண்மையில் இருந்தவர் வென்றார் என்றே நூரன்பர்க்கில் இருந்தோர் எண்ணியிருப்பர். உண்மையில் குனோமைத் தேர்ந்தமைக்குத் தொழில்நுட்பக் கரணியங்கள் இருந்திருக்கலாம். இரண்டையும் ஒரு நிறுவனம் சம அளவில் பேணுவது செலவு மிக்கது என்பதும் மெய்யே. பின்னர்க் கே.டி.இ.யும் தொடர்ந்து கிடைக்கும் என நோவெல் விளக்கமளித்தது. ஆயின் விளக்கம், சினம் எழுந்த பின்னர் வந்தது. முன்னர் வந்திருக்க வேண்டியது கேள்வி.

இங்கேதான் வட்டாரத் தலைமை என்பதன் பொருளை ஆராய வேண்டும்.

வட்டாரத் தலைவர் என்பார் யாவர்? அரியணையில் அமர்ந்த சிற்றரசர் போலத் தோன்றுவார். பெயரட்டையில் மூன்று கண்டங்களின் பெயர் இருக்கும். ஆனால் பன்னாட்டு மென்பொருள் நிறுவனங்களின் அமைப்பை உற்று நோக்கினால், அவர் கையில் பெரும்பாலும் விற்பனை ஒன்றே இருக்கும். மென்பொருளை ஆக்கும் பொறியாளன் நூரன்பர்க்கில் இருப்பினும், அவனுக்கு ஆணையிடும் மேலாளர் வேறொரு கண்டத்தில் இருப்பார். ஒரே கட்டடத்தில் மேல்தளத்தில் வட்டாரத் தலைவர், கீழ்த்தளத்தில் பொறியாளன், இருவரையும் இணைக்கும் ஆணைக்கோடோ கடல்கடந்து போய்த் திரும்பி வருகிறது! பொறியாளன் தன் குறையைச் சொல்லின், 'அஃது என் துறையன்று' என்பார் தலைவர். தொலைவிலுள்ள மேலாளரிடம் சொல்லின், 'உங்கள் வட்டாரத்தில் தீர்த்துக்கொள்க' என விடை வரும். நூரன்பர்க்கில் பிற்பகல் மூன்று மணியாகும்பொழுது வால்த்தத்தில் காலை ஒன்பது. இருவரும் பேசுதற்கு வாய்த்த நேரம் நாளில் இரண்டு மூன்று மணியே. அதனையும் விற்பனைக் கணக்கு விழுங்கிவிடும்.

அக்கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள அமெரிக்க நிறுவனங்கள் மூன்று திங்கட்கு ஒரு முறை வரவு செலவை வெளியிடுகின்றன. எனவே வட்டாரத் தலைவர்க்கும் மூன்று திங்கட்கு ஒரு முறை தீர்ப்பு நாள். காலாண்டின் கடைசி நாள்களில் எவ்வாறாயினும் விற்றாக வேண்டும். விலையைக் குறைத்து விற்பர். இதனை வாங்குவோர் ஈராண்டில் கற்றுக்கொள்வர்; கற்றபின் கடைசி நாள் வரும்வரை வாங்கவே மாட்டார்கள். வருவாய் குறையும், குறைந்ததை ஈடுசெய்ய ஆளைக் குறைப்பர், ஆள் குறைந்ததால் பழுது நீக்கம் தாழும், தாழ்ந்ததால் வாங்குவோர் அகல்வர். இச்சுழலில் தலைவர் ஒருவரும் கெட்டவராக இருக்க வேண்டுவதில்லை. நல்லவரையே அமர்த்தினாலும் சுழல் சுழலும். மேலே உள்ளார்க்கு விடை சொல்வதில் அவர் நாள் முழுதும் கழிகின்றது. கீழே உள்ளார்க்குச் செவி கொடுக்க நாள் எங்கே?

பணியாளரின் புழுக்கம் இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. சம்பளம் குறைந்ததால் அன்று. மென்பொருள் தொழிலில் திறமையுடையான் சம்பளத்தை வேறிடத்தில் ஈட்டிக்கொள்வான். அவன் பொறாதது, தான் ஐந்தாண்டு உழைத்துச் செய்த ஒன்று கைவிடப்படும் செய்தியைச் செய்தித்தாளில் படித்து அறிய நேர்வதே! தன் பக்கத்து இருக்கையான் நீக்கப்பட்டதற்குக் கரணியம் கேட்டால், தன் தலைவர்க்கே அது தெரியாமை கண்டு நாணுவதே! சரிந்துகொண்டிருக்கும் நிறுவனங்களில் சுற்றறிக்கைகள் பெருகும். 'மறுசீரமைப்பு', 'புதிய பார்வை', 'ஒருமுகப்பாடு' எனச் சொற்கள் மாறும். ஆண்டுக்கு ஒரு முறை எவர்க்கு எவர் கீழ் என்னும் படம் மட்டும் புதிதாக வரையப்படும். மொழியைத் தூய்மையாகப் பேணுவோர்க்குத் தெரியும்: பொருள் இல்லாத இடத்தில்தான் சொல் வீங்கும்.

அதன்பின் நிகழ்வது அமைதி. கூட்டங்களில் எதிர்த்துப் பேசியவன் பேசாதிருப்பான். தலைவர் அதனை உடன்பாடு என்று கருதுவார். அஃது உடன்பாடன்று, வேறிடத்துக்கு மடல் எழுதத் தொடங்கிவிட்டான் என்பதன் அறிகுறி. முதலில் போகின்றவர் திறமை மிக்கோர். ஏனெனின் அவர்க்கே கதவுகள் விரைந்து திறக்கும். போக இயலாதார் தங்குவர். நிறுவனம் அவர்களைக் கொண்டு ஆள்குறைப்புக்குப் பின் கணக்கைச் சரிசெய்யும். ஆனால் எந்த மென்பொருளின் எந்த மூலையில் எந்தப் பழுது ஒளிந்திருக்கின்றது என்பதை அறிந்த தலை போய்விட்டிருக்கும். அவ்விழப்பு எந்த ஆண்டறிக்கையிலும் ஏறாது. தரமணியிலும் சிறுசேரியிலும் அயல்நாட்டு நிறுவனக் கிளைகளில் பணியாற்றும் இளைஞர்க்கு இதனை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் தலைப்புகளை அடுக்கிய முறை இங்கு நினைவுக்குரியது. 51ஆம் தலைப்பு தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந்தழால், 54 பொச்சாவாமை. ஆளைத் தேர்தல் ஒன்று. தேர்ந்த ஆளிடம் வினையை ஒப்படைத்தல் வேறொன்று. ஒப்படைத்த பின்னும் சுற்றத்தாரைத் தழுவிக்கொள்ளல் பிறிதொன்று. இவை யாவும் செய்து நல்வாழ்வு வந்த பின் மறதியுறாமை இறுதி. இன்றைய மேலாண்மைக் கல்லூரிகள் முதலிரண்டை நன்கு கற்பிக்கின்றன. மூன்றாவதனையும் நான்காவதனையும் கற்பிப்பது குறைவு. நோவெல் சூசேயைத் தேர்ந்தது சரியே, அதனிடம் இலினக்சுப் பணியை ஒப்படைத்ததும் சரியே, தழுவுதலில்தான் தவறியது.

செருமனியின் சட்டம் ஒன்றையும் இங்கு எண்ணல் தகும். 1972ஆம் ஆண்டுப் பணியிட அமைப்புச் சட்டப்படி, ஐந்து பேரேனும் நிலையாகப் பணியாற்றும் இடத்தில் பணியாளர் தமக்கெனப் பேராளர் அவை ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வவை உள்ள இடத்தில் ஒருவரை வேலையினின்று நீக்குமுன் அவையின் கருத்தைக் கேட்டாக வேண்டும். கேளாது நீக்கினால் அந்நீக்கம் செல்லாது. அவை மறுத்தாலும் நீக்கலாம் என்பது வேறு. ஆனால் கேட்டல் கட்டாயம். அமெரிக்காவிலோ, பெரும்பாலான பணியாளரைக் கரணியம் சொல்லாமலே நீக்க முதலாளிக்கு உரிமையுண்டு. இத்தகைய வேறுபாடு அறியாத தலைமையகம் ஒரே நாளில் ஒரே அறிவிப்பால் இரு நாட்டினரையும் நீக்க முற்பட்டால் என்னாகும்? அதனை முன்கூட்டியே எடுத்துச் சொல்பவரே வட்டாரத் தலைவர். எடுத்துச் சொன்னால் கேட்கப்படும் என்னும் உறுதியுடையவராக அவர் இருத்தல் வேண்டும். அவ்வுறுதி இல்லாதவர் வட்டாரத் தலைவரல்லர். மடல் கொணரும் ஆளே.

எதிர்வழக்கும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. 'நோவெலை வீழ்த்தியது மைக்ரோசாப்ட்டு. நூரன்பர்க்கில் தெய்வமே தலைமையேற்றிருந்தாலும் நெட்டுவேர் பிழைத்திராது' என்பர். உண்மை. வட்டாரத் தலைமை கெட்டதால் நோவெல் சரியவில்லை; சரிந்ததனால் வட்டாரத் தலைமையைக் கெடுத்தது என்பதே பொருத்தம். 'மண்ணின் மைந்தரை அமர்த்தினால் எல்லாம் சரியாகுமோ?' என்றும் கேட்பர். ஆகாது. வேர்டுபெர்பெக்டு நிறுவனமும் யூட்டாவினது, நோவெலும் யூட்டாவினது. இரண்டின் தலைமையும் அண்டை ஊர்களில்தான் இருந்தன. ஆயினும் அவ்விணைப்பு ஈராண்டுகூட நிலைக்கவில்லை. ஒரே மண்ணினர் என்பது ஒன்றே போதாது. தொழிலை அறிதலும், செய்வாரை மதித்தலும் வேண்டும். உள்ளூரான் ஒருவனே குறுநில மன்னனாய் அமர்ந்து தன் பின்னோரை வாட்டிய கதைகளும் மிகுதி. ஆயின் உள்ளூரானிடம் ஒன்று உண்டு; மாலையில் அவன் அதே தெருவில் நடந்தாக வேண்டும். நீக்கப்பட்டவன் முகத்தை அங்காடியில் கண்டாக வேண்டும். அந்நாணம் தொலைநகரார்க்கு இல்லை.

மேல் நிகழ்ந்தவற்றை விரைந்து சொல்லலாம். 2006 சூனில் மெசுமன் நீக்கப்பட்டு, உரான் ஓவ்செப்பியன் தலைவரானார். அவ்வாண்டு நவம்பரில் நோவெல் தன் பழம்பகையான மைக்ரோசாப்ட்டோடு உடன்படிக்கை செய்தது. மைக்ரோசாப்ட்டு 24 கோடி தாலருக்குச் சூசே பயன்பாட்டுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டது. காப்புரிமை தொடர்பாக 10 கோடியே 80 இலக்கம் கொடுத்தது. நோவெல் ஐந்தாண்டுகளில் குறைந்தது 4 கோடி திருப்பித் தரும் என்றும் முடிவாயிற்று. பணம் வந்தது; ஆள் போயினர். சம்பா என்னும் திறந்த மென்பொருளை ஆக்கியவருள் ஒருவரான செரமி அல்லிசன், அவ்வுடன்படிக்கையை எதிர்த்து அத்திசம்பரிலேயே நோவெலினின்று விலகிக் கூகுளுக்குச் சென்றார்.

2010 நவம்பரில் அட்டாச்சுமேட்டு நிறுவனம் 220 கோடி தாலருக்கு நோவெலை வாங்குவதாக அறிவித்தது. 2011 ஏப்பிரலில் வாங்கி முடித்தது. 882 காப்புரிமைகள், மைக்ரோசாப்ட்டும் சேர்ந்த ஒரு கூட்டுக்கு 45 கோடிக்கு விற்கப்பட்டன. மே திங்களில் ஆள்நீக்கம். அன்று நீக்கப்பட்டவருள், 2005இல் வென்றவராகக் கருதப்பட்ட சிமியன் வழியினரும் இருந்தனர்! அவர்தம் தலைவரான மிகேல் தெ இக்காசா அத்திங்களிலேயே சாமரின் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 2016இல் அதனை மைக்ரோசாப்ட்டு வாங்கிக்கொண்டது. தலைமையகத்துக்கு அண்மையில் இருப்பதும் காப்பன்று என்பதை நூரன்பர்க்கினர் அன்று உணர்ந்திருப்பர். மகிழ்ந்திருக்க மாட்டார்கள் என நம்பலாம்.

அட்டாச்சுமேட்டு செய்தவற்றுள் ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். அது சூசேயை நோவெலினின்று பிரித்துத் தனித்தொழிலாக்கி, அதன் தலைமையகத்தை நூரன்பர்க்கிலேயே மீண்டும் நிறுவியது. நீல்சு பிரவுக்குமன் அதன் தலைமையேற்றார். பொறியாளரும் தலைவரும் ஒரே ஊரில் இருந்தனர். ஆணை கடல்கடந்து வரவில்லை. உரிமை கைமாறிக்கொண்டேதான் இருந்தது. 2014இல் மைக்ரோ போக்கசு நிறுவனத்திடம் சென்றது. ஆயினும் தனித்தொழில் என்னும் நிலை குலையவில்லை. 2018 சூலையில் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமான இ.க்யூ.டி. சூசேயை 253 கோடியே 50 இலக்கம் தாலருக்கு வாங்குவதாக அறிவித்து, 2019 மார்ச்சில் வாங்கி முடித்தது. நோவெல் கொடுத்த விலை 21 கோடி. நோவெல் முழுமையும் விலைபோனது 220 கோடிக்கு. ஒரு காலத்தில் அதன் வட்டாரப் பிரிவாக இருந்தது மட்டும் தாயினும் மிகுந்த விலை பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் உலகமே இலினக்சைத் தழுவிக்கொண்டது. அவ்விலையில் பெரும்பங்கு அதற்குரியது. ஆயினும், தழுவிக்கொள்ள வந்த உலகத்துக்குக் கொடுக்க நூரன்பர்க்கில் ஆள் இருந்தனர் அன்றோ! வால்த்தத்தின் சொற்படியே தொடர்ந்து நடந்திருப்பின் எத்தனை பேர் எஞ்சியிருப்பர்?

முகப்புத் திரை வழக்கும் அவ்வாறே முடிந்தது. தன்னார்வலர் கூடி ஆக்கும் ஓப்பன்சூசே தொகுப்பில், பயன்படுத்துவோர் நெடுநாள் வலியுறுத்திய பின்னர், 2009இல் கே.டி.இ. மீண்டும் முதலிடம் பெற்றது. ஊபர்ட்டு மாண்டெலோ அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. விலகி ஏறத்தாழ ஓராண்டிலேயே, தலைவராகவன்று, மென்பொருள் ஆக்கும் குழுவில் ஒருவராகத் தம் பழைய நிறுவனத்துக்குத் திரும்பிவிட்டார்.